மனையிலிருந்தே மருந்துண்போரைக் காத்தல்

(மதுக்கரையில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பாடஞ் சொல்லிப் பிழைக்கும் ஒருவன் வைத்திய விஷயம் பேசப் புகுந்தது என்னையோ என்று உங்களிற் சிலர் ஐயுறக்கூடும். ஐயம் முறையானதே. எனினும் இன்று யான் பேசவந்தது மருந்தைப் பற்றியன்று. மருந்தை ஒருவர் நாடோறும் தவறாது உட்கொள்ளுகின்றாரா என்று பார்ப்பதைப் பற்றியே. அதற்கு வைத்திய சாஸ்திரப் பயிற்சியினும் அண்டை அயலாரின் அக்கறையே மிகுதியும் வேண்டப்படுவது. நம் சங்கத்தின் கட்டட நிதியினின்று காசநோயாளர்க்கென ஒரு விடுதி கட்டவேண்டும் என்னும் யோசனை சில கூட்டங்களாகவே இங்குப் பேசப்பட்டு வருகின்றது. நல்ல நெஞ்சத்திற் பிறந்த யோசனை அது. ஆயினும் அதனை ஏற்குமுன் நாம் அறிந்துகொள்ளவேண்டிய செய்திகள் சில உள. அவற்றுள் தலையாயது நம் தமிழ்நாட்டிலேயே, சென்னைச் சேத்துப்பட்டிலே நிகழ்ந்தது. அதனை நம்மவரிற் பலர் அறியார். அயல்நாட்டு வைத்தியர்களோ நன்கறிவர்.

முதலில் இந்நோயின் பெயர்களைச் சற்றே நோக்குவோம்; இஃது என் தொழிற்பழக்கம், பொறுத்தருள்க. காசம் என்னும் சொல்லுக்கு இருமல் என்பதே பொருள். க்ஷயம் என்பதற்குத் தேய்தல் என்பது பொருள். என்புருக்கி என்று நம் முன்னோர் வழங்கியது எலும்பும் உருகுமாறு மெலிவிப்பது என்னும் கருத்தால். இம்மூன்றும் நோயாளியைக் கண்ணாற் கண்டு இட்ட பெயர்கள். நோய் எதனால் வந்தது என்பதை அவை கூறா. அதனைக் கூறியவர் ஜெர்மானிய வைத்தியர் ராபர்ட் கோக் என்பார். 1882-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள் பெர்லின் நகரில் அறிஞர் கூட்டமொன்றில், இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டதாக அவர் அறிவித்தார். பரம்பரையும் அன்று, பாவமும் அன்று, ஒரு கிருமியே என்று அன்றே தெளிவாயிற்று. அங்ஙனமாகவும், நம் ஊர்ப்புறத்தில் இன்றளவும் சிலர் பெயர் சொல்லவும் அஞ்சி, “அந்தச் சீக்கு” என்று குரலைத் தாழ்த்திக்கொள்ளுகின்றனர்.

இனி, வள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தின் ஈற்றுக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். நோயுற்றவன் ஒரு கூறு, தீர்ப்பவன் ஒரு கூறு, மருந்து ஒரு கூறு. நான்காவது, நோயாளியின் அருகிருந்து மருந்தை முறையே ஊட்டுபவன். உழைச்செல்வான் என்பது அவனுக்கு அவர் இட்ட பெயர். உழை என்றால் பக்கம். வைத்தியனுக்கும் மருந்துக்கும் சமமாக இவனையும் ஒரு கூறாக அவர் வைத்ததன் அருமை, இரண்டாயிரம் ஆண்டுக்குச் சற்றொப்பக் கழிந்தபின், சேத்துப்பட்டு ஆராய்ச்சியாலே நன்கு விளங்கலாயிற்று என்று யான் கருதுகின்றேன்.

அவ்வாராய்ச்சி எழுந்த சூழ்நிலையைக் கூறுவேன். இந்நோய்க்கு மருந்து காணப்படாத காலத்தில், தூய காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு என்னும் மூன்றுமே சிகிச்சையாக இருந்தன. அதன்பொருட்டே ஊருக்குப் புறம்பே சானடோரியங்கள் கட்டப்பட்டன. மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம் ஒன்று. டாக்டர் சௌரிமுத்து அவர்கள் 1928-இல் தாம்பரத்தில் நிறுவிப் பின்னர்ச் சர்க்கார் மேற்கொண்டது மற்றொன்று. நம் கொங்குநாட்டிலே பெருந்துறைச் சானடோரியத்தை அறியாதார் யார்? மருத்துவக் கல்லூரி வந்துவிட்ட பின்னும் அவ்விடத்துக்குச் சானடோரியம் என்ற பேர் போகவில்லை. “பெருந்துறைக்குப் போயிருக்கிறார்” என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், மேலே வினவாது வாய்மூடிக்கொள்ளும் வழக்கம் நம் பாட்டன்மார் காலத்தில் இருந்தது.

பின்னர் மருந்துகள் வந்தன. ஸ்ட்ரெப்டோமைசின் 1940-களில் வந்தது. அதனையடுத்துப் பாஸ் என்று சுருக்கமாக வழங்கும் மருந்து. 1952-இல் ஐசோனையசிட் என்னும் மலிவான மாத்திரை. மருந்து கிடைத்துவிட்டது, ஆனால் படுக்கை கிடைக்கவில்லை. 1955 முதல் 1958 வரை இந்தியா முழுதும் எடுத்த கணக்கெடுப்பில், ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு நால்வர் சளியிற் கிருமியுடையராய்க் காணப்பட்டனர். இது பட்டணத்து நோய் என்னும் பழைய எண்ணமும் அப்பொழுதே பொய்ப்பட்டது. கிராமங்களிலும் பட்டணங்களுக்குக் குறையாமலே இந்நோய் இருந்தது. அத்துணைப் பேருக்கும் படுக்கையமைத்து ஓராண்டு வைத்துக் காப்பதென்றால் எந்தச் சர்க்காரின் பொக்கிஷமும் தாங்காது. ஆகவே எழுந்தது ஒரு கேள்வி: நோயாளியை வீட்டிலேயே இருக்கச்செய்து, மருந்தை மட்டும் கொடுத்து வந்தால் நோய் தீருமா? தீர்ந்தாலும், அவ்வீட்டுக் குழந்தைகளின் கதி யாது?

இக்கேள்விக்கு விடை காணும்பொருட்டு 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், அந்நாளைச் சென்னை இராஜ்ய சர்க்காரும், உலக சுகாதார ஸ்தாபனமும், இங்கிலாந்து மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடிச் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்றைத் தோற்றுவித்தன. இங்கிலாந்தினின்று வந்த வாலஸ் பாக்ஸ் என்னும் வைத்தியர் அதன் முதற்பணிகளை நடத்தினார். சென்னை நகரத்து ஏழை மக்களிலிருந்து 193 நோயாளர் தெரிந்தெடுக்கப்பட்டனர். இன்னார் வீட்டில், இன்னார் சானடோரியத்தில் என்று தம் விருப்பம்போற் பிரிக்காமல், திருவுளச்சீட்டுப் போன்றதொரு முறையால் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரித்தனர். இதன் நுட்பத்தை நீங்கள் ஊன்றி நோக்கவேண்டும். தேறக்கூடியவரை வீட்டில் வைத்தார்கள் என்றோ, வசதியுள்ளவரைத் தெரிந்தெடுத்தார்கள் என்றோ பின்னர் ஒருவரும் குறைகூறுதற்கு இடமில்லை. இருசாராருக்கும் ஒரே மருந்து. ஐசோனையசிட்டும் பாஸும் சேர்த்து ஓராண்டு காலம்.

ஒரு சாரார் சானடோரியத்தில் கட்டிலிற் படுத்து, ஓய்வெடுத்து, பாலும் முட்டையும் இறைச்சியும் உண்டனர். மற்றொரு சாரார் நெருக்கடியான குடிசைகளிலும் சிறு வீடுகளிலும், மனைவி மக்களோடு ஓரறையில் உறங்கி, கிடைத்த கஞ்சியைக் குடித்து, பலர் வேலைக்கும் சென்றுகொண்டு மருந்துண்டனர். ஓராண்டின் முடிவில், சானடோரியத்தாருள் நூற்றுக்கு 92 பேருக்கு நோய் அடங்கியது. வீட்டிலிருந்தாருள் நூற்றுக்கு 86 பேருக்கு அடங்கியது. 1959-இல் இம்முடிவு வெளியானபொழுது உலகத்து வைத்தியர்கள் வியந்தனர். அத்துணைக் காற்றும் ஓய்வும் உணவும் சேர்ந்து தந்த நன்மை நூற்றுக்கு ஆறளவே. மற்றதெல்லாம் மருந்தின் வேலை. சானடோரியத்தார்க்கு உடலெடை மிகுதியாக ஏறியது உண்மையே. ஆயினும் காலம் முடியுமுன்னரே வீட்டு நினைவால் தாமாகவே வெளியேறியவர் அவர்களுள் இருந்தனர். தறிக்கூலியோ மில்கூலியோ கொண்டு குடும்பம் நடத்துபவனை ஓராண்டு கட்டிலில் இருத்தினால், அவன் வீட்டில் அடுப்பெரிவது எங்ஙனம் என்பதை ஆராய்ச்சிக்காரர் சொல்லாமலே நாம் அறிவோம்.

குழந்தைகளின் கதி யாது என்னும் இரண்டாம் கேள்விக்கும் அவர்கள் விடை கண்டனர். இருசாரார் குடும்பத்தாரையும் ஐந்தாண்டுக் காலம் தொடர்ந்து பரிசோதித்து வந்தனர். வீட்டிலேயே நோயாளி இருந்த குடும்பங்களில், நோயாளியைச் சானடோரியத்துக்கு அனுப்பிய குடும்பங்களைவிட நோய் மிகுதியாகத் தோன்றவில்லை. காரணம் யாதெனில், நோய் பரவுதல் பெரும்பாலும் மருந்து தொடங்குமுன்னரே நிகழ்ந்துவிடுகின்றது. கண்டறியப்படாமல் இருமிக்கொண்டிருந்த அம்மாதங்களிலேதான் வீட்டாருக்குக் கிருமி புகுகின்றது. தக்க மருந்து தொடங்கியபின், சில வாரங்களிலே தொற்றும் வன்மை பெரிதும் தணிந்துவிடுகின்றது. ஆகலின், அஞ்சவேண்டுவது மருந்துண்ணும் நோயாளியைக் கண்டன்று. மருந்துண்ணாமல் மறைந்திருக்கும் நோயாளியைக் கண்டே. இவ்வொரு செய்தி நம் வீடுதோறும் எட்டினாலே போதும் என்பேன்.

இங்கே நம் பக்கத்து வழக்கமொன்றைச் சொல்லாமல் விட இயலவில்லை. நோயென்று தெரிந்தவுடன் நோயாளியைத் தோட்டத்துச் சாளைக்கு அனுப்பிவிடுவது. அவருக்கென்று ஒரு வட்டிலும் ஒரு தம்ளரும் ஒதுக்கிவைப்பது. பேரக்குழந்தைகளை அப்பாரிடம் போகாதே, ஆத்தாவிடம் போகாதே என்று தடுப்பது. வட்டிலாலும் தம்ளராலும் இந்நோய் பரவுவதில்லை. இருமும்பொழுதும் தும்மும்பொழுதும் காற்றிற் கலக்கும் நுண்துளிகளாலேயே பரவும். முதற் சில வாரங்கள் வாயை மூடி இருமுவதும், சன்னலைத் திறந்துவைத்துக் காற்றோட்டமான இடத்திற் படுப்பதும் வேண்டுவனவே. அதற்கு மேலே செய்யும் ஒதுக்கல், சாளையிலே தனித்திருக்கும் அம்மனிதர் மருந்தை விழுங்கினாரா, கீழே போட்டாரா என்று பார்ப்பார் ஒருவருமின்றிச் செய்துவிடுகின்றது. உழைச்செல்வானை நாமே விரட்டிவிடுகின்றோம்.

சேத்துப்பட்டாரின் முடிவைக் கேட்டவர் பலர், “மருந்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம்” என்ற அளவிலே நின்றுவிட்டனர். அது பாதிச் செய்தி. மருந்து கொடுத்து அனுப்பியபின் அவர்கள் செய்த மேற்பார்வையே மறுபாதி. என் பேச்சின் கருத்தும் அதுவே. பாஸ் என்னும் மருந்து நாள்தோறும் கிராம் கணக்கில் விழுங்கவேண்டியது, வயிற்றைக் குமட்டும். உடம்பு சற்றுத் தேறியவுடன் நோயாளி அதனை ஒளித்துவைப்பதும் எறிவதும் இயல்பே. ஆகவே சுகாதாரப் பெண் ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று, எஞ்சியிருக்கும் மருந்தை எண்ணிப் பார்த்தனர். எண்ணிக்கையிலும் ஏமாற்றலாமன்றோ? அதனாற் சிறுநீரை வாங்கி, ஃபெரிக் குளோரைடு என்னும் இரசாயனப் பொருளைச் சேர்த்துப் பார்த்தனர். மருந்து உண்டவர் சிறுநீராயின் நிறம் மாறும்; உண்ணாதவர் சிறுநீராயின் மாறாது. அவ்வளவு எளிய சோதனை. அதனாற் கண்ட உண்மை எளியதன்று. படித்தவர் ஒழுங்காக உண்பார், படியாதவர் தவறுவார் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது என்பதே அது. யார் தவறுவார் என்பது முகத்தைப் பார்த்து அறியக்கூடியதன்று. ஆதலின் எல்லாரையும் பார்த்துவர வேண்டியதாயிற்று.

அங்கிருந்து அவர்கள் மேலுமோர் அடி சென்றனர். நாள்தோறும் தானே உண்ணுமாறு விடுவதினும், வாரத்துக்கு இருமுறை நிலையத்துக்கு வரவழைத்து, ஊழியர் கண்ணெதிரே மிகுதியான அளவில் மருந்து கொடுத்தால் என்ன என்று ஆராய்ந்தனர். அது நாடோறும் தானே உண்பதற்குச் சிறிதும் குறைந்ததன்று என்று 1964-இல் வெளியிட்டனர். கண்ணெதிரே மருந்தூட்டுதல் என்னும் இம்முறையே, பல்லாண்டு கழித்து, 1990-களில் உலக சுகாதார ஸ்தாபனம் எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்த முறைக்கு அடிப்படைகளுள் ஒன்றாயிற்று. நம் தேசத்திலும் 1997 முதல் அம்முறை பரவலாயிற்று. சென்னையிற் பிறந்த முறை ஜெனீவா வழியாகச் சுற்றி மதுக்கரைக்கு வந்துசேர்ந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அந்நிலையம் இன்றும் சேத்துப்பட்டிலே தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரோடு விளங்குகின்றது.

இன்றைய முறையைச் சுருங்கச் சொல்வேன். நான்கு மருந்துகள் இரண்டு மாதமும், அவற்றுள் மூன்று அடுத்த நான்கு மாதமுமாக, ஆறு மாதம். வாரத்தில் மூன்று நாள் என்றிருந்த முறை மாறி, 2017 முதல் நாள்தோறும் உண்ணும் முறை நாட்டில் நடைமுறைப்படுத்தப்பட்டது. மருந்து முழுவதும் சர்க்காரால் இலவசம். உணவுக்கென்று 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயும் நோயாளியின் வங்கிக் கணக்கிற் சேர்க்கப்படுகின்றது. மருந்துறையின் உள்ளே மறைந்திருக்கும் ஓர் எண்ணை, மாத்திரையைப் பிதுக்கியபின் கண்டு, கைபேசியால் இலவசமாக அழைத்து அறிவிக்கும் உபாயம் ஒன்றையும் நாட்டிற் பல இடங்களிற் செய்து பார்த்தனர். அவ்வழைப்புக் கணக்கைச் சிறுநீர்ச் சோதனையோடு ஒப்பிட்டு ஆராய்ந்தபொழுது, அழைப்பும் உண்மையும் எப்பொழுதும் ஒத்துச்செல்லவில்லை என்று கண்டனர். அழையாதவர் உண்டிருந்தனர், அழைத்தவருள் உண்ணாதாரும் இருந்தனர். கருவி உதவும், மறுக்கவில்லை. ஆனால் “இன்று மாத்திரை போட்டீர்களா மாமா?” என்று வாசலில் வந்து கேட்கும் ஒருவரின் இடத்தைக் கைபேசி நிரப்பிவிடாது.

நம்மவர்க்குள்ள தனிப்பட்ட இடர் ஒன்றுண்டு; இங்கே சற்று மனம்விட்டுப் பேசுவேன். சர்க்கார் வைத்தியசாலைக்குச் சென்றால் ஊழியர் வீட்டுக்கு வருவார், ஊரார் அறிவர், மகளுக்கு வரன் தட்டிப்போகும் என்று அஞ்சி, வசதியுள்ள குடும்பத்தார் வேற்றூரில் ஒரு தனி வைத்தியரிடம் இரகசியமாகச் செல்லுகின்றனர். அவ்வைத்தியர் நல்லவராகவே இருக்கலாம், மருந்தும் சரியாகவே எழுதலாம். ஆனால் நோயாளி அடுத்த மாதம் வரவில்லையென்றால் அவரைத் தேடிச்செல்ல அவரிடம் ஆள் இல்லை. நாளொன்றுக்கு நூறு பேரைப் பார்க்கும் அவர், வாராத ஒருவரை எங்ஙனம் நினைவிற் கொள்வார்? நம் குடும்பங்களுள் ஒன்றில் நிகழ்ந்ததையே கூறுகின்றேன்; ஊரும் பேரும் வேண்டா. நாற்பது வயதினர் ஒருவர் இவ்வாறு இரகசியமாக மருந்துண்ணத் தொடங்கினார். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, உடம்பு தேறிற்று. மூன்றாம் மாதம், தீர்ந்துவிட்டதென்று தாமே முடிவுசெய்து நிறுத்திவிட்டார். அவருடைய மனைவிக்கும் அது தெரியாது. ஏனெனில் நோயிருப்பதே மனைவிக்குச் சொல்லப்படவில்லை. எட்டாம் மாதத்தில் நோய் திரும்பிற்று. இம்முறை, முன்னைய மருந்துகளுள் இரண்டுக்குக் கட்டுப்படாத நோயாகத் திரும்பிற்று. அதற்குள் கடைசிக் குழந்தைக்கும் தொற்றியிருந்தது. குழந்தை தேறிவிட்டது. அவர் மிக நீண்ட சிகிச்சைக்குப் பின் தேறினார், ஆயினும் ஒரு நுரையீரல் பெரும்பாலும் பயனற்றுப்போயிற்று. வரனுக்கு அஞ்சி மறைத்த மகளின் திருமணமும் ஈராண்டு தள்ளிப்போயிற்று.

இந்நோய் அறிவிக்கப்படவேண்டிய நோயென்று 2012-இல் மத்திய சர்க்கார் ஆணையிட்டது. தனி வைத்தியராயினும் சர்க்காருக்கு அறிவித்தல் வேண்டும்; 2018-இல் மருந்துக் கடைக்காரரையும் சேர்த்து அவ்வாணை இன்னும் இறுக்கப்பட்டது. அறிவித்தல் என்றவுடன் ஊர்முழுதும் தண்டோராப் போடுதல் என்று எண்ணிக் கலங்கவேண்டா. அறிவிக்கப்பட்ட நோயாளி, தம் குடும்ப வைத்தியரிடமே சிகிச்சை பெற்றுக்கொண்டு, இலவச மருந்தும் உணவுத் தொகையும் பரிசோதனையும் பெறலாம். வாராதபொழுது தேடிவரவும் ஒருவர் இருப்பார். ஆகவே தனி வைத்தியரிடம் செல்வோர், “என்னைப் பதிவு செய்தீர்களா?” என்று தாமே கேட்கவேண்டும். அதற்கு வெட்கப்படுதற்கு ஒன்றுமில்லை.

இதுகாறும் கூறியதைக் கேட்டு, அப்படியானால் படுக்கையே வேண்டாவோ என்று வினவுவீர்கள். வேண்டும், சிலர்க்குக் கட்டாயம் வேண்டும். சேத்துப்பட்டு முடிவை அளவுக்குமேல் இழுத்துச்செல்லுதல் தவறாகும். காசநோயால் இறப்போருட் பெரும்பங்கினர் நோய் கண்டறிந்த முதலிரு மாதங்களுக்குள்ளேயே இறக்கின்றனர் என்பதைக் கண்ட தமிழ்நாட்டுச் சர்க்கார், தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தோடு கூடி, 2022-இல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்னும் பெயரால் ஒரு முறையை வகுத்தது. நோயென்று தெரிந்த அன்றே, ஆய்வுக்கூடம் இன்றியே, எளிய அளவுகளைப் பார்க்கின்றனர். முதலாவது, உயரத்துக்கேற்ற எடை. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் ஏறக்குறைய 36 கிலோவுக்கும் கீழே இருந்தால் அஃது அபாயம். பாதம் வீங்கியிருப்பின் அதற்குச் சற்று மேற்பட்ட எடையும் அபாயமே. இரண்டாவது, மூச்சு, நிமிஷத்துக்கு 24-க்கு மேற்பட்டாலும், விரலில் மாட்டும் கருவியில் பிராணவாயு 94-க்குக் குறைந்தாலும் அபாயம். அக்கருவியை 2020, 2021-ஆம் ஆண்டுகளிற் கொரோனாக் காலத்திலே நாம் வீட்டுக்கு வீடு வாங்கினோமல்லவா? பல வீடுகளில் அலமாரியின் மூலையிற் கிடக்கும். மூன்றாவது, பிறர் உதவியின்றி எழுந்து நிற்க இயலாமை. இவற்றுள் ஒன்று இருந்தாலும் மேலும் பரிசோதித்து வைத்தியசாலையிற் சேர்க்கவேண்டும். மற்றையோர் வீட்டிலிருந்தே மருந்துண்ணலாம்.

உணவைப் பற்றியும் ஒரு விளக்கம் வேண்டும். சேத்துப்பட்டில் கஞ்சி குடித்தவரும் குணமடைந்தனர் என்றேன். அதுகொண்டு உணவு வேண்டாவென்று கொள்ளற்க. ஜார்க்கண்டு மாகாணத்தில் நடத்தி 2023-இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், நோயாளியின் குடும்பத்தார்க்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கொடுத்துவந்தனர். கொடாத குடும்பங்களோடு ஒப்பிட, அக்குடும்பங்களிற் புதிதாக நோய் தோன்றுவது நூற்றுக்கு 39 அளவு குறைந்தது. நோயாளிகளுக்கு முதலிரு மாதங்களில் எடை ஏறினால் இறப்பும் குறைவதைக் கண்டனர். கிருமியைக் கொல்வது மருந்து. மெலிந்த உடம்பைத் தாங்கிநிற்பதும், வீட்டாரைக் காப்பதும் உணவு. இரண்டையும் ஒன்றோடொன்று மாறாடவேண்டா. நீரிழிவுடையார்க்கு இந்நோய் பற்றும் வாய்ப்பு மூன்று மடங்களவு மிகுதி என்பதும் இங்கே சொல்லத்தக்கது. நம்மிடையே நீரிழிவு இல்லாத குடும்பத்தை விரல்விட்டு எண்ணவேண்டியிருக்கின்றது. கல்லுடைக்கும் தொழிலில், மணற்சத்து மிகுந்த தூசியை நெடுங்காலம் சுவாசித்தவர்க்கும் அவ்வாறே. சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் பெயர்பெற்ற இவ்வூரில், எத்தூசியிலும் உழைத்தவர் யாரேனும் இரண்டு வாரம் விடாமல் இருமினால், தூசியென்று தள்ளிவிடாமல் சளியைப் பரிசோதித்துக்கொள்ளுக.

இனி, அருகிருந்து காப்பவர் பார்க்கவேண்டியவை எவை? மாத்திரையைக் கண்ணெதிரே விழுங்கச் செய்தல் முதலாவது. மருந்து தொடங்கியபின் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். ரிஃபாம்பிசின் என்னும் மருந்தின் நிறம் அது. இரத்தமென்று அஞ்சி நிறுத்தியவர்களை யான் அறிவேன், அஞ்சவேண்டா. சேத்துப்பட்டார் இரசாயனம் சேர்த்துக் கண்டதை இன்று வெறுங்கண்ணாலே காணலாம் என்று இதனைக் கொள்ளுங்கள். ஆனால் கண்வெள்ளை மஞ்சளித்து, சோறு வேண்டாமல், வாந்தியும் இருந்தால் அன்றே வைத்தியரிடம் காட்டவேண்டும். அது கல்லீரலின் கூக்குரல். பார்வை மங்குதலும், சிவப்பு பச்சை நிறம் பிரித்தறிய இயலாமையும் அவ்வாறே உடனே காட்டத்தக்கவை. கால் மதமதப்பு இருப்பின் சொல்லுக, அதற்கு எளிய மாற்று உண்டு. மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதிவைக்க. இரண்டாம் மாத முடிவிலும் ஆறாம் மாத முடிவிலும் சளிப் பரிசோதனை தவறலாகாது. ஆறு மாதம் முடிந்தபின்னும் இரண்டாண்டுவரை அரையாண்டுக்கு ஒருமுறை பார்த்துவருதல் முறை. வீட்டிலுள்ள ஏனையோரையும், சிறப்பாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் பரிசோதித்து, நோயில்லாதார்க்கும் தடுப்பு மருந்து கொடுப்பது உண்டு, அதனை மறுக்கற்க.

இப்பொழுது விடுதி யோசனைக்கு வருகின்றேன். நாம் கட்டக்கூடிய விடுதியிற் பத்துப் படுக்கை இருக்கலாம். அதில் வந்து படுப்பவர் தம் நோயை ஊரறியச் செய்தவராவார். ஆகவே மறைப்பவர் வாரார். மறைப்பவரே நாம் தேடவேண்டியவர். பிராணவாயு குறைந்து, எழுந்து நிற்க இயலாத நிலையிலுள்ளவரை நாம் வைத்துக் காக்கவும் இயலாது. அவருக்குக் கோயமுத்தூர்ப் பெரிய வைத்தியசாலையே தகும். எஞ்சியவர்க்கு வீடே போதும் என்று 1959-லேயே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. ஆதலின் கட்டடத்தை யான் ஆதரிக்க இயலாதவனாயிருக்கின்றேன். பெரியோர் சினவாதிருக்க.

அதற்குப் பதிலாக, சங்கத்தினின்று ஊருக்கு இருவராக, ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக, வாய்காப்பவர்களாகத் தெரிந்தெடுப்போம். அவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தாரிடம் பயிற்சி பெறட்டும். மருந்தூட்டும் பொறுப்பை உறவினரல்லாத ஊர்க்காரரும் ஏற்க இம்முறையில் இடமுண்டு. நோயாளர் பெயரை எழுதிய புத்தகம் எதுவும் சங்கத்தில் இருத்தலாகாது என்பதில் யான் உறுதியாயிருக்கின்றேன். காரியதரிசியும் அக்கிராசனரும்கூட அறியவேண்டா. உதவித்தொகை கேட்கும்பொழுது, தொண்டர் சொல்லும் எண்ணிக்கையை நம்பிக் கொடுப்போம். கணக்கில் “ஆறு குடும்பம், ஆறு மாதம்” என்று இருந்தாற் போதும். சர்க்கார் கொடுக்கும் ஆயிரம் ரூபாய் சிலபொழுது காலந்தாழ்ந்து வருகின்றது. அதுவரை அரிசி, பருப்பு, முட்டை, கடலை ஆகியவற்றை நாம் கொடுக்கலாம். மேற்சொன்ன நீண்ட சிகிச்சையில் வேலையிழந்தவர் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்தையும் நிதி ஏற்கலாம்.

மணத்தரகர் பணி செய்யும் நம் சங்கத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். “அந்த வீட்டில் சீக்கு உண்டா?” என்று கேட்பாருக்கு, “மருந்து முடித்துவிட்டார்களா?” என்பதே கேட்கத்தக்க கேள்வி என்று சொல்லுங்கள். மருந்து முடித்தவரிடமிருந்து தொற்றுவதற்கு ஒன்றுமில்லை. சென்ற தலைமுறையில் பெருந்துறைக்குச் சென்று திரும்பி, பேரன் பேத்தி எடுத்தவர் இச்சபையிலேயே இருத்தல் கூடும். அவர் வாய்திறந்து ஒருமுறை பேசினால், என் ஒருமணி நேரப் பேச்சினும் அது வலிதாகும். வற்புறுத்த மாட்டேன்.

நிதியைப் பற்றிப் பொக்கிஷதார் அவர்கள் கேட்ட கேள்விக்கு விடை கூறி அமைகின்றேன். கட்டடத்துக்கென்று கொடுத்தவர்களின் பணத்தை வேறு செலவுக்கு மாற்றுவது அவர்கள் இசைவின்றிக் கூடாது. ஆகவே கொடுத்தோர் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதிக் கேட்டு, இசைந்தவர் தொகையை மட்டும் இதற்கு மாற்றி, இசையாதவர் தொகையை அப்படியே வைத்திருப்போம். கடிதத்தின் வாசகத்தை யான் எழுதித் தருகின்றேன். அடுத்த மாதக் கூட்டத்துக்குள் விடைகள் வந்துசேர்ந்தால், ஊருக்கு இருவரைத் தெரிந்தெடுக்கும் வேலையை அன்றே தொடங்கலாம்.